பிக்கப் வண்டியை ஸ்டார்ட் பண்ணும்போது இன்ஜினில் ‘டக் டக்’ சத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்பேட்டுக்குக் காய்கறி லோடு, காசிமேட்டிலிருந்து மீன், தெருத்தெருவாகத் தண்ணீர் கேன் என்று பிக்கப் வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு, விடியற்காலையில் சாவியைத் திருப்பியதும் இன்ஜின் ‘டக் டக்’ என்று தட்டினால் வயிற்றில் புளியைக் கரைக்கும். ஒரு பட்டறையில் “இன்ஜினை இறக்கணும்” என்பார்கள். அடுத்த பட்டறையில் “டீசல் வண்டின்னா அப்படித்தான், ஓட்டுங்க” என்பார்கள். இரண்டு பேருமே வண்டியைச் சூடான பிறகுதான் பார்த்திருப்பார்கள், அதுதான் சிக்கல். கீழே உள்ளவை பெரும்பாலும் டீசல் வண்டிகளைப் பற்றியவை. பெட்ரோல், சிஎன்ஜி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு கேள்வி உண்டு.

டீசல் என்றாலே சத்தம்தானே? எது இயல்பு, எது கோளாறு?

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்திச் சூடாக்கி, அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். ஆனால் பீய்ச்சிய அந்தக் கணமே பற்றாது, துளி தாமதம் இருக்கும். அந்தத் தாமதத்தில் சேர்ந்த டீசல் மொத்தமாகப் பற்றும்போது வருவதுதான் டீசலின் இயற்கையான தட்டல். இன்ஜின் ஆறியிருந்தால் தாமதம் கூடும், தட்டலும் கூடும். காமன் ரெயில் வண்டிகளில் (எல்லா சிலிண்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து அதிக பிரஷரில் டீசல் போகும் வகை) முதலில் ஒரு சிறு துளியைப் பீய்ச்சிப் பற்றவைத்து, அதன் பிறகு முழு டீசலை விடுவதால் சத்தம் குறைவு. பழைய பம்ப் வண்டியிலிருந்து அதற்கு மாறியவர்களுக்கு இந்த வித்தியாசம் காதிலேயே தெரியும்.

சிலிண்டர் எண்ணிக்கையும் ஒரு காரணம். 2005-இல் வந்த டாடா ஏஸ் இரண்டு சிலிண்டர், 702 சிசி. ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் மெதுவாக ஓடும்போது, அது குலுங்குவது அதன் சுபாவம். அசோக் லேலண்ட் தோஸ்த் மூன்று சிலிண்டர், பொலேரோ பிக்கப் நான்கு. பக்கத்து வண்டியோடு ஒப்பிடாதீர்கள், உங்கள் வண்டி போன மாதம் எப்படி இருந்தது என்பதோடு ஒப்பிடுங்கள். எல்லா சிலிண்டரும் ஒரே சீராகத் தட்டி, ஓரிரு நிமிடத்தில் அடங்கினால் அது இயல்பு. அந்தச் சீருக்கு நடுவே ஒரு தட்டல் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு கேட்டால், அங்கேதான் விசாரிக்க வேண்டும்.

சத்தத்தை மட்டும் வைத்துக் கோளாறைக் கண்டுபிடிக்க முடியுமா?

சத்தம் எவ்வளவு பெரிது என்பது அதிகம் சொல்லாது. எப்போது வருகிறது, எப்போது போகிறது என்பதைக் கவனித்தால் பாதி வேலை முடிந்தது.

ஸ்டார்ட் ஆன முதல் இரண்டு மூன்று நொடி மட்டும் கடகடத்து, ஆயில் லைட் அணைவதோடு சத்தமும் போனால், ராத்திரியில் ஆயில் கீழே வடிந்துவிட்டது என்று பொருள். ஆயில் ஃபில்டர், டைமிங் செயின் டென்ஷனர் (கேம் ஷாஃப்ட்டை ஓட்டும் சங்கிலியை இறுக்கி வைப்பது), ஹைட்ராலிக் டேப்பட் (வால்வைத் திறக்க உதவும், ஆயில் பிரஷரில் வேலை செய்யும் பாகம்) ஆகிய மூன்றையும் சந்தேகிக்கலாம்.

சில நிமிடம் நீடித்து, டெம்பரேச்சர் முள் ஏற ஏறக் குறைந்தால் பிஸ்டன் ஸ்லாப்பாக இருக்கலாம். போர், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர் துளை, தேய்ந்து, ஆறிய பிஸ்டன் அதன் சுவரில் இடிக்கும். சூடாகி பிஸ்டன் விரிந்ததும் இடைவெளி குறையும், சத்தமும் குறையும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட் லேசாக விட்டிருந்தாலும் இதே மாதிரிதான்: ஆறியிருக்கும்போது ‘டிக் டிக்’, சூடானதும் இரும்பு விரிந்து அடைத்துக்கொள்ளும். கேஸ்கட் பக்கத்தில் கரி படிந்திருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

சூடாக ஆகச் சத்தம் கூடினால் நிலைமை வேறு. ஆயில் சூட்டில் இளகும், தேய்ந்த பேரிங்கில் நிற்காது. கீழேயிருந்து கனமாக ‘டொம் டொம்’ என்று கேட்கும், ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து விடும்போது இன்னும் தெளிவாகக் கேட்கும். அது கனெக்டிங் ராடு (பிஸ்டனை இன்ஜினின் பிரதான சுழல் தண்டான கிராங்க்கோடு இணைப்பது) கிராங்க்கைப் பிடிக்கும் பிக் எண்டு பேரிங், அல்லது கிராங்க்கையே தாங்கும் மெயின் பேரிங்.

செல்ஃப் அடிக்கும்போது மட்டும் ‘கர்ர்’ என்று வந்து, இன்ஜின் பிடித்ததும் நின்றால் அது செல்ஃப் மோட்டார் பினியன் அல்லது ஃபிளைவீல் பல். இன்ஜின் பிடிக்கும் கணத்திலும் அணைக்கும் கணத்திலும் ஒரே ஒரு ‘டம்’ என்றால் இன்ஜின் மவுண்டிங் ரப்பர். இதற்காக இன்ஜினை இறக்கச் சொன்னால் வேறு பட்டறை பாருங்கள்.

உடனே நிறுத்த வேண்டிய சத்தம் எது?

கனமான தட்டல் கேட்டு, கூடவே ஆயில் லைட்டும் எரிந்தால் அந்த இடத்திலேயே அணைத்துவிடுங்கள். “மெக்கானிக் கடை பக்கத்துலதான், ஓட்டிட்டுப் போயிடலாம்” என்று நினைக்க வேண்டாம். பேரிங் மட்டும் போயிருந்தால் கிராங்க்கைக் காப்பாற்றலாம். அந்த இரண்டு கிலோமீட்டரில் ராடு உடைந்து இன்ஜினின் உடலான பிளாக்கைக் கிழித்தால் எதையும் காப்பாற்ற முடியாது. டோ பண்ணி எடுத்துப் போங்கள்.

ஒன்று கவனியுங்கள். பல வண்டிகளில் ஆயில் லைட் எரிவதற்கே பிரஷர் சுமார் அரை பாருக்குக் கீழே இறங்க வேண்டும். அதனால் லைட் அணைந்திருக்கிறது என்பதற்காகப் பிரஷர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. சந்தேகம் வந்தால் ஆயில் சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தில் கேஜ் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 1000 ஆர்பிஎம்முக்குச் சுமார் 10 பிஎஸ்ஐ, அதாவது 0.7 பார் என்பது மெக்கானிக்குகளின் பொதுக் கணக்கு. உங்கள் இன்ஜினுக்கான சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் சில நொடி வருகிறது. பகல் முழுக்க ஒன்றுமில்லை. என்ன செய்வது?

முதலில் ஆயில் ஃபில்டரை மாற்றுங்கள், சில நூறு ரூபாய் வேலை. நல்ல ஃபில்டருக்குள் ஒரு ரப்பர் வால்வு இருக்கும். இன்ஜின் நின்ற பிறகு ஆயில் திரும்ப வடிந்து ஓடாமல் அது தடுக்கும். மலிவான டூப்ளிகேட் ஃபில்டரில் அந்த ரப்பர் சீக்கிரம் கல்லாக இறுகிவிடும், இல்லையென்றால் சரியாக உட்காராது. ராத்திரி ஃபில்டர் காலியாகிவிடும். காலையில் பம்ப் அதை நிரப்பி முடித்த பிறகுதான் ஆயில் மேலே போகும். அந்த இரண்டு மூன்று நொடி உலோகத்தோடு உலோகம் உரசும்.

சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் வாங்கினாலும் சரி, வேறு எங்கே வாங்கினாலும் சரி, பில்லோடு ஒரிஜினல் ஃபில்டர் வாங்குங்கள். நிமிர்ந்து உட்காரும் வகையாக இருந்தால் மாட்டும் முன் ஃபில்டருக்குள் ஆயில் ஊற்றி நிரப்பிவிட்டு மாட்டச் சொல்லுங்கள். படுத்த வாக்கில் இருப்பவற்றில் அது நடக்காது, ரப்பர் ஓரத்தில் ஆயில் தடவினால் போதும்.

ஃபில்டர் மாற்றியும் சத்தம் இருந்தால் ஆயில் கிரேடைப் பாருங்கள். பிறகு டைமிங் செயின் டென்ஷனர். செயின் சத்தம் இன்ஜினின் முன்பக்கக் கவரிலிருந்து, சங்கிலியை ஆட்டியதுபோல் லொடலொடவென்று வரும். அதைத் தள்ளிப்போடக் கூடாது. செயின் ஒரு பல் தாவினாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ள வாய்ப்பு உண்டு.

சென்னையில் குளிரே இல்லை. அப்புறம் எதற்கு ‘கோல்டு ஸ்டார்ட்’ பிரச்சினை?

நியாயமான கேள்வி. இங்கே டிசம்பர், ஜனவரி இரவுகளில்கூட வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இறங்கும். வெளிநாட்டு வீடியோக்களில் சொல்கிறபடி ‘ஆயில் குளிரில் கெட்டியாகிவிட்டது’ என்பது நமக்குப் பொருந்தாது. எட்டு மணி நேரம் நின்றதில் ஆயில் வடிந்திருக்கும், பிஸ்டன் ஆறிச் சுருங்கியிருக்கும், சில வண்டிகளில் டீசல் லைனில் காற்றும் ஏறியிருக்கும். இங்கே காரணம் இவைதான்.

காற்று விஷயத்தைச் சுலபமாகச் சோதிக்கலாம். காலையில் ஸ்டார்ட் பண்ணும் முன் டீசல் ஃபில்டர் மேலே உள்ள கை பம்பை அழுத்துங்கள். ஓரிரு அழுத்திலேயே இறுகினால் சரி. பல முறை அழுத்த வேண்டியிருந்தால், ராத்திரியில் எங்கோ காற்று இழுக்கிறது. அழுத்தி இறுக்கிவிட்டு ஸ்டார்ட் பண்ணும்போது தட்டல் இல்லையென்றால் கோளாறு கிடைத்துவிட்டது. ஹோஸ் கிளிப், ஃபில்டர் வாஷர், கை பம்ப் வால்வு, இதில் ஏதோ ஒன்று. மழைக்காலத்தில் வாட்டர் செப்பரேட்டரைத் திறந்து தண்ணீரை வடிப்பதையும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஸ்டார்ட்டுக்கு முன் சிலிண்டருக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக் பற்றியும் கேட்பார்கள். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் நம் ஊர் சூட்டில் அது இல்லாமலே பிடித்துவிடும். முன்னறை வைத்த பழைய வகை இன்ஜின்களுக்குத்தான் இங்கேயும் அது தேவை. ஒரு பிளக் போனால் அந்த சிலிண்டர் முதல் சில நொடி பிடிக்காமல் குலுக்கும், வெள்ளைப் புகை தள்ளும். மல்டிமீட்டரில் வைத்தால் நல்ல பிளக் ஓரிரு ஓம் அல்லது அதற்கும் கீழே காட்டும், போன பிளக் எதையும் காட்டாது.

பட்டறைக்குப் போகும் முன் நானே என்னென்ன பார்க்கலாம்?

முதலில் போனில் பதிவு செய்யுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியை, சாவி திருப்புவதற்கு முன்பிருந்தே ரெக்கார்டு பண்ணுங்கள். இன்ஜின் மேலே ஒரு நாள், முன்பக்கம் ஒரு நாள், கீழே ஆயில் சம்ப் (இன்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) அருகே ஒரு நாள். பட்டறைக்குப் போய்ச் சேர்வதற்குள் இன்ஜின் சூடாகிச் சத்தம் போய்விடும். அந்தப் பதிவுதான் உங்கள் சாட்சி. முடிந்தால் முந்தின இரவே வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு, காலையில் மெக்கானிக் கையாலேயே ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள்.

ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். அளவு குறைவு என்றால் ஊற்றிவிட்டு மறுபடி கேளுங்கள். அளவு மேல் கோட்டையும் தாண்டியிருந்தால் அது நல்ல செய்தி இல்லை, காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் மட்டும் ஓட்டிப் பார்ப்பது அருமையான சோதனை. சத்தம் போய்விட்டால் கோளாறு இன்ஜினுக்குள் இல்லை: ஆல்டர்னேட்டர் பேரிங், வாட்டர் பம்ப், பெல்ட்டைத் தாங்கும் ஐட்லர் உருளை, இவற்றில் ஒன்று. பல டீசல் வண்டிகளில் பிரேக்குக்கான வேக்யூம் பம்ப் ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே இருக்கும், அதுவும் தேய்ந்தால் தட்டும். பெல்ட் இல்லாதபோது வாட்டர் பம்பும் ஓடாது, பிரேக்கும் கல்லாக இருக்கும். ஆகவே அரை நிமிடத்துக்கு மேல் ஓட்டாதீர்கள், வண்டியை நகர்த்தாதீர்கள்.

கிளட்ச்சை மிதித்துப் பாருங்கள். மிதித்ததும் சத்தம் போனால் கியர்பாக்ஸ் பக்கம். மிதித்ததும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங், அல்லது கிராங்க்கின் த்ரஸ்ட் வாஷர்.

நீளமான ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதெலும்பில் வைத்து, முனையை இன்ஜினில் ஆங்காங்கே தொட்டுக் கேட்பது பழைய வித்தை, இன்றும் பலிக்கும். டேப்பட் கவரில் பலமாகக் கேட்கிறதா, சம்ப்பில் பலமாகக் கேட்கிறதா என்பதே பாதிப் பதில். குனியும் முன் தோளில் இருக்கும் துண்டை எடுத்து வைத்துவிடுங்கள். ஃபேன் அதை இழுத்தால் உங்களையும் சேர்த்துத்தான் இழுக்கும்.

இன்ஜெக்டர் தட்டுகிறதா, பேரிங் தட்டுகிறதா? இரண்டும் ஒரே மாதிரி கேட்கிறதே.

இந்தக் குழப்பத்தில்தான் காசு அதிகம் வீணாகிறது. டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒன்று ராத்திரி முழுக்கச் சொட்டிவிட்டால், காலையில் அந்த சிலிண்டரில் தேங்கிய டீசல் ஒரே அடியாகப் பற்றி, பேரிங் போனதுபோலவே இடிக்கும். கூடவே புகை தள்ளும். அதைக் கேட்டுவிட்டு இன்ஜினை இறக்கியவர்கள் உண்டு.

பிரித்துப் பார்க்க வழி, ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்துவது. பழைய பம்ப் வண்டிகளில் ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப் நட்டையும் லேசாகத் தளர்த்துவார்கள். காமன் ரெயில் வண்டியில் இதைச் செய்யவே கூடாது. அதன் பைப்புக்குள் 1000 பாருக்கும் மேலே பிரஷர் ஏறும், பீய்ச்சி அடிக்கும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசிக்குத்துப் போலத்தான் தெரியும், ஆனால் உடனே ஆபரேஷன் தேவைப்படும் காயம் அது. காமன் ரெயிலில் ஸ்கேனர் மாட்டி, அதிலிருந்தே சிலிண்டரை அணைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு சிலிண்டரை அணைத்ததும் தட்டல் அடியோடு போய்விட்டால் இன்ஜெக்டர் மேல் சந்தேகம் அதிகம். கனம் குறைந்து, லேசாகத் தொடர்ந்தால் அந்த சிலிண்டரின் பிக் எண்டு பேரிங் அல்லது பிஸ்டன். எதை அணைத்தாலும் மாறவில்லை என்றால் டேப்பட், டைமிங் பக்கம் போங்கள். இதோடு ரிட்டர்ன் டெஸ்ட்டும் செய்யலாம்: ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் ஒரே அளவு பாட்டிலில் விட்டு ஐடிலிங்கில் ஓட்டுவது. எல்லா பாட்டிலிலும் ஏறக்குறைய ஒரே மட்டம் இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் மளமளவென்று ஏறினால் அந்த இன்ஜெக்டர் தேய்ந்திருக்கிறது.

இன்ஜெக்டர் மாற்றினால், அதன் மேலே அச்சிட்ட குறியீட்டை ஸ்கேனர் மூலம் இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான இசியூவில் ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றாமல் விட்டு, “புது இன்ஜெக்டர் போட்டும் தட்டுதே” என்று அலைகிறவர்கள் ஏராளம். பழைய பம்ப் வண்டியில் பம்ப் டைமிங் அட்வான்ஸாக (டீசலை முன்கூட்டியே பீய்ச்சும்படி) இருந்தாலும் கடும் தட்டல் வரும், பம்பைக் கழற்றி மாட்டிய பிறகு சத்தம் தொடங்கியிருந்தால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்க்கச் சொல்கிறார்களே, அதில் என்ன தெரியும்?

என்னைக் கேட்டால், இன்ஜினை இறக்கச் சொல்லும் எந்த மெக்கானிக்கிடமும் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும். ஹேக்ஸாவால் அறுக்காதீர்கள், அந்தத் தூளே உள்ளே விழுந்து ஏமாற்றும். தகடு வெட்டும் கத்திரியால் வெட்டி, உள்ளே மடித்து மடித்து வைத்திருக்கும் காகிதத்தை எடுத்து, ஆயிலைப் பிழிந்துவிட்டு, செய்தித்தாளில் விரித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள்.

கறுப்புக் கரி மட்டும் என்றால் நிம்மதி. வெள்ளி மினுமினுப்பு இருந்தால் மேலே காந்தத்தை ஓட்டுங்கள். ஒட்டினால் இரும்பு: ரிங், கேம், கியர். ஒட்டாத வெள்ளி அலுமினியமாக இருக்கலாம், பிஸ்டன் அல்லது அலுமினியப் பூச்சுப் பேரிங். செம்பு நிறத் துகள் மின்னினால் வேறு பேச்சே இல்லை. செம்புக் கலவைப் பேரிங்கில் மேல் அடுக்கு சாம்பல் நிறம், அதற்குக் கீழேதான் செம்பு அடுக்கு. செம்பு வெளியே வந்துவிட்டது என்றால் மேல் அடுக்கு முழுவதும் போய்விட்டது.

டேப்பட் சத்தம் ஆபத்தா?

இல்லை, ஆனால் விட்டுவிடவும் கூடாது. மேலிருந்து வரும் மெல்லிய ‘டிக் டிக்’. கேம் ஷாஃப்ட் கிராங்க்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் இந்தச் சத்தம் நிதானமாகக் கேட்கும். ஃபீலர் கேஜ் வைத்து அட்ஜஸ்ட் செய்வது சிறிய வேலைதான். அளவை ஆறிய நிலையில் வைப்பதா, சூட்டில் வைப்பதா என்பது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும், மேனுவலைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

பிஎஸ்6 வண்டி. ஊற்றாமலே ஆயில் அளவு ஏறுகிறது, சத்தமும் தொடங்கியிருக்கிறது. எப்படி?

2020 ஏப்ரல் முதல் வந்த பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டிகளில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி உள்ளவை உண்டு. அதில் சேரும் கரியை எரிக்க, இன்ஜின் அவ்வப்போது கூடுதல் டீசலைத் தாமதமாகப் பீய்ச்சும். எரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் சீராக ஓட வேண்டும். தி.நகரில் கடைக்குக் கடை நின்று நின்று இறக்குகிற வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. பாதியில் அணைக்க அணைக்க, எரியாத டீசல் போர் சுவர் வழியாக ஆயிலில் கலக்கும். அளவு ஏறும், ஆயில் நீர்க்கும், பேரிங்குக்குப் பாதுகாப்பு குறையும்.

குச்சியில் டீசல் வாசனை அடித்தால் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். டிபிஎஃப் லைட் வந்தால் மதுரவாயல் பைபாஸிலோ வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையிலோ அரை மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டுங்கள். ஆயிலும் மேனுவலில் சொன்ன குறைந்த சாம்பல் வகையாகவே இருக்க வேண்டும். பழைய வண்டிக்கு வாங்கிய கேனில் மிச்சம் இருக்கிறதே என்று ஊற்றினால் டிபிஎஃப் அடைத்துக்கொள்ளும். அதே சமயம், ஆயில் ஏறுவதற்குச் சொட்டும் இன்ஜெக்டரும் காரணமாக இருக்கலாம், அதையும் பார்த்துவிடுங்கள்.

மழைத் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணியதிலிருந்து சத்தம். என்ன ஆகியிருக்கும்?

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் பட்டறைகளில் வரிசை கட்டி நின்ற வண்டிகளின் கதை இது. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. ஏர் ஃபில்டர் வழியாகப் போர் உள்ளே தண்ணீர் போயிருக்கும்போது செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளையும். லேசாக வளைந்த ராடோடு வண்டி ஓடவும் செய்யும், அதுதான் ஏமாற்று. அந்த சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைந்து, பிஸ்டன் சாய்வாக உரசி, சில நாள், சில வாரம் கழித்துத் தட்டல் பெரிதாகும்.

எனவே வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணை மாதிரி இடங்களில் வண்டி மூழ்கியிருந்தால் சாவியைத் தொடாதீர்கள். பேட்டரி வயரைக் கழற்றுங்கள். இன்ஜெக்டர் அல்லது ஹீட்டர் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஸ்பேனர் போட்டுக் கையால் கிராங்க்கைச் சுற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். ஆயில், டீசல், ஃபில்டர்கள் எல்லாம் மாற்றிய பிறகே செல்ஃப். ஏற்கெனவே ஸ்டார்ட் பண்ணிவிட்டீர்கள், சத்தமும் வந்துவிட்டது என்றால் எல்லா சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். இன்சூரன்ஸில் சாதாரண பாலிசி இந்த இன்ஜின் சேதத்தை ஏற்காமல் போகலாம். இன்ஜினுக்கான தனி ஆட்-ஆன் இருக்கிறதா என்பதை மழைக்கு முன்பே படித்து வையுங்கள்.

கெட்டியான ஆயில் ஊற்றினால் சத்தம் போய்விடும் என்கிறார்களே?

போகும், கோளாறு போகாது. தேய்ந்த பேரிங்கில் கெட்டி ஆயில் கொஞ்ச நாள் மெத்தையாக நிற்கும். ஆனால் காலையில் மேலே ஏற அதற்கு நேரம் அதிகம் பிடிக்கும், ஸ்டார்ட்டில் தேய்மானம் இன்னும் கூடும். வண்டியை விற்கிறவர்களுக்குத்தான் இந்த வைத்தியம் பிடிக்கும்.

பெட்ரோல், சிஎன்ஜி பிக்கப்பில் இதே சத்தம் வந்தால்?

பெட்ரோலில் ‘நாக்கிங்’ என்பது பெரும்பாலும் லோடோடு மேம்பாலம் ஏறும்போது வரும், ஸ்டார்ட்டில் வராது. ஸ்டார்ட்டில் வந்தால் மேலே சொன்ன செயின், டேப்பட், பிஸ்டன் ஸ்லாப்தான். சிஎன்ஜிக்கு ஆக்டேன் (முன்கூட்டியே தானாகப் பற்றாமல் தாங்கும் தன்மை) மிக அதிகம் என்பதால் எரிபொருள் தட்டல் அபூர்வம். அதில் கவனிக்க வேண்டியது நேர் எதிரான ஒன்று: எக்ஸாஸ்ட் வால்வு சீட் தேய்ந்து வால்வு மேலே போய், டேப்பட் இடைவெளி குறைந்துகொண்டே வரும். சத்தமே இருக்காது. ஒரு நாள் கம்ப்ரஷன் இல்லாமல் ஸ்டார்ட் ஆக மறுக்கும்.

பேரிங்தான் என்று உறுதியாகிவிட்டது. வேலையில் எதை வலியுறுத்த வேண்டும்?

சீக்கிரம் பிடித்திருந்தால், சம்ப்பை மட்டும் இறக்கிப் பேரிங் மாற்றிவிடலாம். ஆனால் கிராங்க்கில் நகம் மாட்டும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் அது பலிக்காது, புதுப் பேரிங்கும் சீக்கிரமே போகும். கிராங்க்கைக் கழற்றி லேத்துப் பட்டறையில் மைக்ரோமீட்டர் வைத்து அளக்க வேண்டும். 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் கிரைண்டு பண்ணி, மெலிந்த தண்டுக்கு ஏற்ற அண்டர்சைஸ் பேரிங் போடுவார்கள். சில புது இன்ஜின்களின் கிராங்க்கைக் கிரைண்டு பண்ணவே கூடாது, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒருமுறை வேலை பார்த்த இன்ஜின் திரும்ப வருவதற்குக் காரணம் பெரும்பாலும் அழுக்கு. பேரிங் துகள் ஆயில் கூலரிலும் பிளாக்கின் ஆயில் வழிகளிலும் ஒளிந்திருக்கும். பிளாக்கின் பிளக்குகளைக் கழற்றி பிரஷ் விட்டுக் கழுவினார்களா, கூலரை மாற்றினார்களா, ஆயில் பம்பை அளந்தார்களா என்று கேளுங்கள். ராடு போல்ட் புதிதாகப் போட வேண்டும், டார்க் ரெஞ்ச்சில் முறுக்க வேண்டும். “கை அளவுலயே தெரியும்” என்கிறவரிடம் கிராங்க்கைக் கொடுக்காதீர்கள்.

பேரிங் ஏன் போனது என்றும் பார்க்க வேண்டும். ஓவர்லோடோடு கத்திப்பாரா மேம்பாலத்தில் டாப் கியரிலேயே முனகிக்கொண்டு ஏறுகிற பழக்கம் பேரிங்கைத் தின்னும். கியரைக் குறைத்து ஏறுங்கள். காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்துச் ‘சூடாக்குவது’ இன்னொன்று. அரை நிமிடம் சும்மா ஐடிலிங்கில் விட்டு, அப்புறம் மெதுவாகக் கிளம்பினால் போதும்.

பழைய பிக்கப் வாங்கப் போகிறேன். இந்தச் சத்தம் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நேரம் சொல்லாமல் காலையில் போங்கள். முதல் வேலையாக பானெட்டைத் திறந்து இன்ஜின் மேல் கை வையுங்கள். சுட்டால், உங்களுக்காக ஏற்கெனவே ஓட்டி வைத்திருக்கிறார்கள். ஆற விட்டு, இல்லையென்றால் மறுநாள் வந்து, நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்கள். ஐடிலிங்கில் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். புகை புசுபுசுவென்று அடித்தால் பேக் கம்ப்ரஷன் (எரிந்த வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே கசிவது) இருக்கிறது, ரிங் வேலை காத்திருக்கிறது.

புதுப்பேட்டையில் பழைய இன்ஜின் வாங்கிப் போடுவது லாபமா?

புதுப்பேட்டை சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தை; பிளாக்கே உடைந்துபோன வண்டிக்குச் சில சமயம் அதுதான் வழி. ஆனால் தரையில் கிடக்கும் இன்ஜின் ஸ்டார்ட்டில் எப்படித் தட்டும் என்று யாருக்கும் தெரியாது. சம்ப்பைக் கழற்றி ஒரு பேரிங் மூடியையாவது திறந்து காட்டச் சொல்லுங்கள், கம்ப்ரஷன் பார்க்க ஒப்புக்கொள்வார்களா என்று கேளுங்கள். மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

இன்ஜின் மாறினால் ஆர்.சி. புத்தகத்தில் இன்ஜின் நம்பரும் மாற வேண்டும். ஆர்டிஓ அலுவலகத்தில் அதற்கு விண்ணப்பிக்க, இன்ஜின் எங்கிருந்து வந்தது என்பதற்கான பில் வேண்டும். நம்பர் மாற்றாமல் ஓட்டினால் எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போகும்போதோ, விபத்து இன்சூரன்ஸ் கேட்கும்போதோ மாட்டிக்கொள்வீர்கள். ஆகவே விலை பேசும் முன் இன்ஜின் நம்பரை போட்டோ எடுத்து, அந்த நம்பர் எழுதிய பில் தருவார்களா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.